துணியின் ஆயுள் – 9: சோபாவுக்கு எத்தனை உரசல்?

சோபாத் துணி கிழிவது அரிது, தேய்ந்துதான் போகிறது. உட்கார்ந்தவர் அசையும் ஒவ்வொரு முறையும் அவர் உடைக்கும் இருக்கைக்கும் நடுவே இழைகள் உரசுகின்றன. முதலில் மேற்பரப்பின் நுண்ணிழைகள் இழுபட்டு மணிமணியாகத் திரள்கின்றன. பிறகு நூல் மெலிகிறது. கடைசியில் பாவோ ஊடையோ அறுந்து அடியிலுள்ள ஸ்பாஞ்சு எட்டிப் பார்க்கிறது. இருக்கையின் நடுப்பகுதியைவிட முன்விளிம்பு, கைப்பிடியின் நுனி, தையலோரத்து பைப்பிங் ஆகியவை முந்திக்கொள்கின்றன. துணி வளைந்து நிற்கும் அந்த இடங்களில் பாரம் முழுவதும் சில நூல்களின் மேலேயே விழுகிறது.

இந்தத் தேய்மானத்தை எண்ணாக்கும் கருவிகளில் அதிகம் புழங்குவது மார்ட்டின்டேல். 1940களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கம்பளி ஆய்வுச் சங்கத்தில் ஜே. ஜி. மார்ட்டின்டேல் உருவாக்கியது, இன்று ஐ.எஸ்.ஓ. 12947 என்ற தரநிலையின் அடிப்படை. 38 மில்லிமீட்டர் விட்டத்தில் வெட்டிய துணி வில்லையை, கம்பளித் துணியின் மேல் அழுத்தித் தேய்க்கிறது கருவி. தேய்க்கும் பாதை வட்டமாகத் தொடங்கி, நீள்வட்டமாகக் குறுகி, கோடாகி, மறுபடி விரிகிறது. எல்லாத் திசையிலும் நூல் அடிபட வேண்டும் என்பது நோக்கம். உடைத் துணிக்கு 9 கிலோபாஸ்கல் அழுத்தம், இருக்கைத் துணிக்கு 12. நெய்த துணியில் இரண்டு நூல்கள் முற்றாக அறுந்ததும் சோதனை முடிகிறது. நிமிடத்துக்கு 47.5 உரசல் என்ற வேகத்தில், 30,000 உரசலுக்குப் பத்தரை மணி நேரம் ஆகும்.

அமெரிக்காவில் செல்வாக்குள்ளது வைசன்பீக் முறை. அது பருத்திக் கான்வாஸைக் கொண்டு முன்னும் பின்னும் மட்டும் தேய்க்கும். பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனி மாதிரி. ஒன்றின் எண்ணை மற்றதாக மாற்ற வாய்ப்பாடு எதுவும் கிடையாது. அங்குள்ள வணிகத் துணித் துறைச் சங்கம், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு 20,000 மார்ட்டின்டேல் அல்லது 15,000 வைசன்பீக், மிகுந்த இடத்துக்கு 40,000 அல்லது 30,000 என்று வரையறுக்கிறது. வைசன்பீக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்களால் துணியின் ஆயுள் கூடுவதாகக் கொள்ள முடியாது என்றும் அதே சங்கம் சொல்கிறது. விற்பனையாளர் கையிலுள்ள மாதிரிப் புத்தகங்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருப்பவை நாரும் நெசவும். உரசலுக்கு அதிகம் ஈடுகொடுப்பது நைலான், அடுத்து பாலியஸ்டர். பருத்தி நடுத்தரம். விஸ்கோஸ் பளபளப்பால் மயக்கும், ஆனால் நனைந்தால் பாதி வலிமையை இழக்கும். பருத்தி இதற்கு நேர்மாறு, ஈரத்தில் வலுக்கூடும். லினன் இழுவைக்கு உறுதியானது; மடிப்பில் ஒடியும். நெசவில், பாவும் ஊடையும் நெருங்கி ஒரே மட்டத்தில் நிற்கும் சாதா நெசவு உரசலைப் பகிர்ந்துகொள்ளும். சாட்டினில் நீளமாக மிதக்கும் நூல்கள் தனியாக அகப்பட்டுக்கொள்ளும். அழகுக்காக இழைத்த புடைப்புப் பூவே முதலில் வழுக்கையாகிறது.

ஆய்வகத்தின் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு. புதுச்சேரியின் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீட்டுக்கூடத்தில் அந்த நிலை ஒரு நாள் அமைவதே அபூர்வம். வெப்பத்தையும் ஈரத்தையும் தவிர அங்கே மணலும் உண்டு. காற்றோடு வரும் குவார்ட்ஸ் துகள் நெசவுக்குள் இறங்கிவிட்டால், உட்காரும் பாரமே அதை அரமாக்கிவிடும். வியர்வை உப்பும் தலையிலிருந்து இறங்கும் தேங்காய் எண்ணெயும் அந்தத் துகளைப் பிடித்துவைக்கின்றன. அரசு அலுவலக நாற்காலிகளின் முதுகில் போர்த்தும் டர்க்கி டவலை அந்தஸ்தின் அடையாளம் என்று கேலி செய்வதுண்டு. தேய்மானக் கணக்கில் அது நல்ல ஏற்பாடு. ஜன்னலோர வெயில் பட்டையும் நைலானையும் வலுவிழக்கச் செய்கிறது. நூற்கும்போதே நிறமேற்றிய அக்ரிலிக் வெயிலைத் தாங்கும். உரசலில் அது பாலியஸ்டருக்குப் பின்தான்.

கடலோர ஈரம் அதிகம் பழிவாங்குவது செயற்கைத் தோலை. பேச்சில் எல்லாமே ரெக்சின்தான் என்றாலும் அதில் இரண்டு வகை. பி.வி.சி. பூச்சு கொண்டதில் நெகிழ்வூட்டும் பொருள் நாளடைவில் வெளியேறி, பரப்பு விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு தொடுவதற்குத் தோலைப் போன்றது, விலையும் கூடுதல். அதன் மலிவு ரகங்களில் இருக்கும் பாலியஸ்டர் பிணைப்பைக் காற்றின் ஈரமே வேதியியல் முறையில் அறுக்கிறது. யாரும் உட்காராத நாற்காலியிலும் பூச்சு செதில்செதிலாக உரியும். மார்ட்டின்டேல் கருவியில் லட்சம் தாண்டிய பொருளுக்கும் இதே கதி நேரலாம், ஏனெனில் அந்தச் சோதனையில் ஈரத்துக்கு இடமில்லை. இதற்கென உள்ள சோதனை வேறு: 70 டிகிரி வெப்பத்தில், 95 விழுக்காடு ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பது. பாலிகார்பனேட் அடிப்படையிலான பாலியூரித்தேன் அதில் நெடுநாள் நிற்கும்.

பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் பிரம்புப் பின்னல் நாற்காலிகளுக்கு இந்தத் தொல்லைகளில் பல கிடையாது. மணல் கண்வழி கீழே விழுந்துவிடும், காற்று ஊடாடும், தொய்ந்த பின்னலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவ்வீடுகளில் பல இன்று விடுதிகளாகவும் கஃபேக்களாகவும் மாறிவிட்டன. ஒரு குடும்பம் உட்கார்ந்த கூடத்தில் நாள் முழுவதும் வாடிக்கையாளர்கள் மாறிமாறி உட்காருகிறார்கள், மெத்தையும் வந்துவிட்டது. அங்கே வீட்டு ரகத் துணி போட்டால் செலவு இரட்டிக்கும். வணிக ரகப் பாலியஸ்டர், கழற்றித் துவைக்கும் உறை, மாற்றிப் போட இன்னொரு செட் ஆகியவை அங்கே குறைந்தபட்சத் தேவை. வீட்டுக்கோ கரூர்த் தறியின் தடித்த பருத்தி உறை போதும். வாரம் ஒரு முறை வேக்வம் இழுத்து, மாதம் ஒரு முறை மெத்தையைத் திருப்பிப் போட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் குவியாது. துணி வெட்டும்போதே கைப்பிடிக்கும் முன்விளிம்புக்கும் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. பிறகு தேடினால் அதே சாயத்தில் கிடைக்காது.