கரையோர அடுப்பு – 11: மணல் போன ஊரில் கருவாடு

பாண்டியிலிருந்து காலாப்பட்டுக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘வீட்டுச் சமையல்’, ‘வீட்டுச் சுவை’ என்று பலகை வைத்த கடைகளுக்குக் குறைவில்லை. 1985-ல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கேரளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வருவது பெரும்பாலும் தட்டின் முன்னால் உட்காரும்போதுதான். பலகை எழுதுகிறவர்களுக்கு அது தெரியும்.

பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. இங்கே அடுப்பும் சட்டியும் இருக்கின்றன. குழம்பு வைக்கத் தெரிந்த அம்மாக்களும் ஆயாக்களும் இருக்கிறார்கள். இருந்தும் சின்ன வயதில் சாப்பிட்டது நாக்கில் நின்றுகொண்டு படுத்துகிறது என்று சொல்பவர்களை இந்த ஊரிலும் பார்க்கலாம். ஊரை விட்டுப் போனவர் ஏங்குவது தெரிந்த கதை. ஊரிலேயே இருப்பவர் ஏன் ஏங்க வேண்டும்? இந்த வாரக் கேள்வி அதுதான்.

முதலில் தெரிந்த கதையைப் பார்த்துவிடுவோம். இந்தக் கரையில் அது இரண்டாயிரம் வருஷத்துக் கதை. பாண்டிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை திராட்சை மது வந்த ஜாடிகள். சில, ஆலிவ் எண்ணெய் வந்தவை. இன்னும் சில, ‘காரும்’ என்கிற மீன் சாறு வந்தவை. மீனையும் மீன்குடலையும் உப்பில் போட்டு, வெயிலில் மாதக்கணக்கில் ஊறவைத்து இறுத்த சாறு அது. ரோமானியர் சமையலில் அதில்லாமல் எதுவும் நடக்காது. மதுவை நம்மூர்க்காரர்களும் வாங்கிக் குடித்திருக்கலாம். எண்ணெயும் மீன் சாறும் இங்கேயே தங்கியிருந்த மேற்கத்திய வணிகர்களின் சொந்தச் சமையலுக்காகத்தான் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மீன் குவிந்து கிடக்கிற கரைக்கு, கப்பலேற்றி மீன் சாறு கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் கணக்குப் பார்ப்பதில்லை.

எதிர்த் திசையில் போன கதையும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் பாண்டிச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பல பிரான்சுக்குக் குடிபோயின. அவர்கள் பெட்டிக்குள் தவறாமல் ஏறியது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் மறுபடி பிசைந்து உருட்டி, நாள்கணக்கில் வெயிலில் வாட்டி எடுக்கும் தாளிப்பு வடகம். இன்று ‘வடுவான்’ என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் புழங்கும் மசாலாவின் பாட்டி இதுதான். அதற்கு ஒரு மாடியும் சித்திரை வெயிலும் போதும். அதுவும் இல்லாத ஊரில் வெங்காயத்தை அடுப்புச் சூட்டில் உலர்த்திச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

ஆக, மீன் சாறு ஜாடியில் வந்தது, வடகம் பெட்டியில் போனது. கருவாடும் பெட்டியில் போகும்தான். ஆனால் அதைப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டும். பிள்ளைச்சாவடியின் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

எங்கள் ஆயா கருவாடு போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மீன் நிறையப் பட்ட நாளில் விற்றது போக மிஞ்சியதை ஆயா எடுத்து வைக்கும். வாளை, சுறா, திருக்கை என்றால் வயிற்றைக் கீறிக் குடலெடுத்து, சதையில் வரிவரியாய்ப் பிளந்து, கல்லுப்பை அடைத்து, பானையில் ஒரு ராத்திரி வைக்கும். காலையில் அலசிக் கொண்டுபோய் மணலில் பரத்தும். நெத்திலிக்கு அவ்வளவு உபசாரம் கிடையாது. கழுவினால் நேரே மணல்தான். நல்ல வெயில் அடித்தால் சாயங்காலத்துக்குள் கையில் அள்ளும்போது சலசலவென்று சத்தம் வரும். “காக்கா வருது பாருடா, குந்திக்குனு என்னா வேடிக்க?” என்று ஆயா போடும் அதட்டலுக்குத்தான் எங்கள் கோடை விடுமுறை கழிந்தது.

அந்தக் காவல் வேலை பழையது. நற்றிணையின் 45-ஆம் பாடலில் பட்டினத்துப் பணக்காரன் ஒருவன் நெய்தல் நிலத்துப் பெண்ணைத் தேடி வருகிறான். தோழி அவனைத் தடுத்து, கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை விரட்டுகிற எங்களுக்கு உன் பெருமை எதற்கு, எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அந்தப் பெண்கள் மீன் காயவைத்ததும் ஆயா காயவைத்ததும் ஒரே மாதிரிக் கடலோரத்தில்தான்.

காய்ந்த கருவாட்டை வெந்நீரில் போட்டு மூன்று தண்ணீர் அலசினாலும் ஒரு வாய்க்கு ஒரு மணலாவது பல்லில் நறநறக்கும். கத்திரிக்காய், முருங்கைக்காய், மொச்சை போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் வடகம் தாளித்து வைத்த அந்தக் குழம்பு, மறுநாள் கேழ்வரகுக் கூழோடு சேரும்போதுதான் முழுமையாகும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அம்மனுக்குக் கூழ் என்றால் எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு.

இன்னொரு குழம்பும் இருந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. கரைவலை இழுக்கிற நாளில், இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஊரே இழுக்கும். கைகொடுத்தவர்களுக்கு வலையில் விழுந்ததில் ஒரு பங்கு. காரப்பொடி, கிழங்கான், நெத்திலி, இரண்டு நண்டு, கொஞ்சம் இறால் என்று கையில் வருவதெல்லாம் ஒரே சட்டிக்குள் போகும். கடையில் அரைக் கிலோ சங்கரா வாங்கி வைக்கும் குழம்பில் அந்த ருசியை எதிர்பார்க்க முடியாது. அத்தனை மீனும் ஒன்றாய்க் கொதித்த சாறு அது.

இந்த இரண்டு குழம்புக்கும் பொதுவான சாமான் மணல். கருவாடு காய, கரைவலை இழுக்க, கட்டுமரம் ஏற்ற, எல்லாவற்றுக்கும் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் அகலமான மணல்வெளி வேண்டும். அது போய்விட்டது.

போன விதத்தைப் புரிந்துகொள்ள மறுபடி அரியாங்குப்பம் ஆற்றுக்குப் போக வேண்டும். அரிக்கமேட்டு வணிகர்களின் ஜாடிகள் வந்த அதே ஆற்றின் முகத்துவாரத்தில்தான் 1986-க்கும் 1989-க்கும் இடையில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளும் கல் அணைகளைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் நிலையாக நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் தொடங்கும் வாடைக்காற்று அதில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்புகிறது. வரவு செலவு பார்த்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. அந்த வழியில் குறுக்கே கல் வந்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே வரவு நின்றது. அலை எடுத்துப்போவது மட்டும் நிற்கவில்லை.

துறைமுகம் கட்டியவர்களுக்கு இது தெரியாததல்ல. தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. பாண்டிகேன் (PondyCAN) போன்ற குடிமக்கள் அமைப்புகள் இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகின்றன.

முதலில் நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. கற்களைக் கொட்டி நகரத்தைக் காப்பாற்றினார்கள். கல் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கும் என்பது கடலின் வழக்கம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று அது வடக்கே ஏறியது. தாண்டினால் தமிழ்நாடு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் கரையைக் கடித்துக்கொண்டு, திரும்பவும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிற இடம் பிள்ளைச்சாவடி. தெற்கே ஒரு அரசு கல் போட்டால், வடக்கே இன்னொரு அரசின் ஊரில் வீடு விழுகிறது. இரண்டு அரசு, இரண்டு டெண்டர், ஒரே மணல்.

அலை சுவரைத் தொடும்போது ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்து கல் கேட்கிறார்கள். வீடு விழுகிறவர் வேறு எதைக் கேட்பார்? கல் வீட்டைக் காக்கும். ஆனால் கற்குவியலின்மேல் கட்டுமரம் ஏறாது, கரைவலை இழுத்தால் கிழியும், நெத்திலி பரத்த முடியாது. அலையைத் தடுத்த கல்லே மிச்சக் கரையையும் மூடிவிடுகிறது.

மணலில் காயவைப்பது சுத்தமில்லை, மேடை கட்டிக் கம்பிவலைமேல் உலர்த்துங்கள் என்று மீன்வளத் துறைகள் சொல்வது நியாயம்தான். அப்படிப் போட்ட கருவாட்டில் மண் இருக்காது, பூச்சி வராது, நல்ல விலையும் போகும். விற்பதற்காகக் கூடைக்கணக்கில் போடுகிறவருக்கு அது சரிப்படும். வீட்டுக்கு என்று ஒரு முறம் நெத்திலி காயவைப்பவருக்கு வாசலைத் தாண்டி நாலடி மணல் போதுமாக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையை விட்டு உள்ளே வரிசையாய்க் கட்டிய குடியிருப்புகள் பாதுகாப்பானவை. மாடியில் பரத்தினாலும் காயும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடிக்கும்போது எத்தனை நாள் பரத்துவது? கடைசியில் சந்தைக்குப் போய், எந்த ஊர்க் கரையில் காய்ந்தது என்று தெரியாத கருவாட்டை வாங்கி வர வேண்டியதுதான். அதில் உப்பு தூக்கலாக இருக்கும். மீன் வலையில் பட்ட நாளிலேயே உப்புக்குள் போனதா, விற்காமல் கெடப்போன பிறகு போனதா என்பதை நாக்கு கண்டுபிடித்துவிடும்.

வலையில் விழும் பொடி மீனுக்கும் வேறு கிராக்கி வந்துவிட்டது. விசைப்படகுகள் அள்ளிவரும் சிறுமீனும் குஞ்சுமீனும் கழிவு மீன் என்ற பெயரில் லாரியேறி மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. அங்கிருந்து கோழித் தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் மாறுகின்றன. பெயரில்லாத அந்தக் குழம்பின் மீன், பிராய்லர் கோழியாகிச் சுற்றிக்கொண்டு அதே வீட்டுச் சட்டிக்கு வருகிறது.

சமையலை இழந்தோம் என்றவுடன் பழியைப் போட நமக்குச் சில ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்: வேலைக்குப் போகும் மருமகள், மிக்ஸி, பாக்கெட் மசாலா, பீட்சா கேட்கும் பிள்ளை. பிள்ளைச்சாவடியில் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள், யூடியூபிலும் கிடைக்கிறது. புளியும் மொச்சையும் கடையில் இருக்கின்றன. இல்லாமல் போனது மணல்; அதன் காரணம் சமையலறைக்கு வெளியே, பொதுப்பணித் துறை, துறைமுகத் துறை கோப்புகளில் இருக்கிறது. 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாகக் கணக்கிட்டது. வீடு, படகு, தென்னை போன கணக்கெல்லாம் எங்கோ ஒரு பதிவேட்டில் ஏறும். எத்தனை ஊர் அடுப்பில் எந்தெந்தக் குழம்பு நின்றுபோனது என்று எழுத அதில் பத்தி கிடையாது.

போன மணல் திரும்பாது என்பதும் இல்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நகரத்துத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டை இறக்கியது. சில மாதங்களிலேயே அங்கே மணல் சேர ஆரம்பித்தது. இன்று சுற்றுலா வருகிறவர்கள் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொள்வது அந்த மணலில்தான். நகரத்துக்கு முடிந்தது ஊர்களுக்கும் முடியும். அதைவிட எளிய வேலையும் ஒன்று பாக்கி இருக்கிறது: தேங்காய்த்திட்டு முகத்துவாரம் மணல் அடைத்துப் படகு போக முடியவில்லை என்று துறைமுகத்து மீனவர்கள் தூர்வாரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் மணல் வேண்டாம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் மணல் இல்லாமல் வீடு விழுகிறது. வாரியதை வடக்கே வருஷா வருஷம் கொட்டினால் இரண்டு குறையும் தீரும்.

கிராமத்து மீன் குழம்பு என்று மெனு அட்டை அடிப்பவர்களும் அழிந்துவரும் உணவுகளுக்கு விழா எடுப்பவர்களும், அதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கோரிக்கைக்குக் கொடுக்கலாம். கருவாட்டுக் குழம்பின் செய்முறையை யாரும் ஆவணப்படுத்த வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. அது பத்திரமாக இருக்கிறது. ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிற மணல் திட்டத்தை நடத்திக் காட்டினால் போதும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது?