30% சம்பள உயர்வு வேண்டாம் என்ற விமானிகள்... சரக்கு விமான வேலையில் என்னதான் சிக்கல்?

‘30 சதவீதம் சம்பளம் ஏத்தித் தர்றோம்’ என்று நிர்வாகம் சொன்னால் யாராவது வேண்டாம் என்பார்களா? அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவன விமானிகள் 2023 ஜூலையில் அப்படித்தான் சொன்னார்கள். சங்கமும் நிர்வாகமும் பேசி உருவாக்கிய ஒப்பந்தத்தை, வாக்களித்தவர்களில் 57 சதவீதம் பேர் நிராகரித்தனர். அதே ஆண்டு மார்ச்சில் டெல்டா பயணிகள் விமான நிறுவன விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு பெற்றிருந்தனர். ‘நமக்கு மட்டும் ஏன் குறைவு?’ என்ற கேள்வி எழுந்தது. ஓய்வூதியமும் பெரிய பிரச்சினையாக இருந்தது.

ஆனால், சில மாதங்களில் காற்று திசை மாறியது. ‘விமானிகள் அதிகம், வேலை குறைவு’ என்றது ஃபெடெக்ஸ். பி.எஸ்.ஏ. என்ற சிறிய பயணிகள் விமான நிறுவனத்தில் உள்ள வாய்ப்பைப் பரிசீலிக்கலாம் என்று தன் விமானிகளுக்கே தெரிவித்தது.

ஏன் இந்த மாற்றம்?

உலகின் விமான சரக்கில் கணிசமான பங்கு, பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில்தான் போகிறது. கொரோனா காலத்தில் அந்த விமானங்கள் முடங்க, சரக்கு நிறுவனங்களுக்கு அடித்தது யோகம். பயணிகள் திரும்பியதும் அது கரைந்தது. அமெரிக்கத் தபால் துறைக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் ஃபெடெக்ஸ் செய்துவந்த வேலையும் 2024 செப்டம்பரில் முடிந்து, பெரும்பகுதி போட்டி நிறுவனமான யு.பி.எஸ். கைக்குப் போனது.

சம்பளம் குறையுமா?

மணிக்கணக்கு ஊதியம் குறையாது. ஆனால் விமானிக்கு உறுதியாகக் கிடைப்பது குறைந்தபட்ச மணிநேரத்துக்கான தொகை மட்டுமே. அதற்கு மேல் பறந்தால்தான் கூடுதல் காசு. சரக்கு இல்லை என்றால் அந்தக் கூடுதல் காலி.

வேறு கம்பெனிக்குப் போயிடலாமே?

அங்கேதான் பிடி இருக்கிறது. எந்த விமானம், கேப்டனா துணை விமானியா, எந்த ஊர், எப்போது லீவு என எல்லாவற்றையும் தீர்மானிப்பது சீனியாரிட்டி. 20 வருடம் ஓட்டியவரும் புது நிறுவனத்தில் பட்டியலின் கடைசியில்தான் நிற்கணும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவதும் கடைசியில் சேர்ந்தவர்தான்.

வேலைநிறுத்தம் செய்யலாமா?

நினைத்தவுடன் முடியாது. 1926-ல் ரயில்வேக்காக வந்த தொழிலாளர் சட்டம், 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்படி பழைய ஒப்பந்தம் காலாவதி ஆகாது, புதியது வரும்வரை தொடரும். தேசிய மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, 30 நாள் காத்திருப்பும் முடிந்த பிறகே வேலைநிறுத்தம். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

சிக்கலின் முடிச்சு இதுதான்: சரக்குச் சந்தை மாதங்களில் மாறுகிறது, ஒப்பந்தம் மாற வருடங்கள் ஆகின்றன. சந்தை சூடாக இருக்கும்போது பேசத் தொடங்கும் விமானி, கையெழுத்துப் போடும்போது அது ஆறிப்போயிருக்கலாம். அதனால்தான் சம்பள விகிதத்தோடு குறைந்தபட்ச மணிநேரம், ஓய்வூதியம், ஆட்குறைப்பு விதிகள் ஆகியவற்றுக்கும் சங்கங்கள் மல்லுக்கட்டுகின்றன. மழை விட்டபின் குடை வாங்கி என்ன பயன்?