பிலாத்துவின் கல்லும் பவுலின் காலமும்

1961-ல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில், பழைய செசரியா நகரின் ரோமானிய நாடக அரங்கில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. இத்தாலியத் தொல்லியலாளர் அந்தோனியோ ஃப்ரோவா தலைமையிலான குழு, அங்கே படிக்கல்லாகப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் லத்தீன் எழுத்துகளைக் கண்டது. ஏதோ பழைய கட்டடத்தின் கல்வெட்டைப் பிற்காலத்தில் பெயர்த்தெடுத்துப் படியாக்கியிருந்தார்கள். பாதி அழிந்துபோன அந்தக் கல்லில் மூன்று செய்திகள் தப்பியிருந்தன: பேரரசர் திபேரியுவின் பெயரால் எழுந்த ஒரு கட்டடம், பிலாத்து என்ற பெயர், அவர் யூதேயாவின் 'பிரீஃபெக்ட்' (ஆளுநர்) என்ற பதவி.

இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த அதே பொந்தியு பிலாத்துதான். இந்தக் கல் கிடைக்கும்வரை அப்படி ஒருவர் இருந்ததற்கே சான்றில்லை என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகை. யூத எழுத்தாளர்களான யோசேபஸ், ஃபிலோ, ரோமானியரான டாசிடஸ் மூவருமே அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கல் தந்த புதுச் செய்தி அவருடைய பதவியைப் பற்றியது. டாசிடஸ் அவரை 'புரொக்யூரேட்டர்' என்கிறார்; டாசிடஸ் எழுதிய 2-ஆம் நூற்றாண்டில் பழகிப்போயிருந்த பெயர் அது. பிலாத்து ஆண்டபோதே வெட்டிய கல்லோ 'பிரீஃபெக்ட்' என்கிறது. ரோமின் பெரிய வரலாற்றாசிரியரையே ஒரு படிக்கல் திருத்திவிட்டது.

கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டு இதைவிடப் பெரிய உதவி செய்தது. 1905-ல் முதன்முதலாக வெளியான அதன் துண்டுகள், பேரரசர் கிலவுதியு எழுதிய ஒரு கடிதத்தைச் சேர்ந்தவை. அதில் அகாயா மாகாணத்தின் 'புரோகான்சல்' என்று கல்லியோன் குறிப்பிடப்படுகிறார். தத்துவஞானி செனெகாவின் உடன்பிறந்தவர் இவர். கொரிந்து பட்டணத்தில் யூதர்கள் அப்போஸ்தலர் பவுலை இவர் முன்னால் நிறுத்தியதாகவும், இவர் வழக்கைத் தள்ளிவிட்டதாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது.

கடிதத்தில் ஆண்டு இல்லை. ஆனால் படை வெற்றிகளுக்காகப் பேரரசரை 26 முறை 'இம்பெராத்தோர்' என்று முழங்கியாகிவிட்டது என்ற கணக்கு இருக்கிறது. ரோம் நகரின் நீர்க்கால்வாய்க் கல்வெட்டு ஒன்றின்படி, கி.பி. 52 ஆகஸ்டு 1-க்குள் அந்த எண்ணிக்கை 27 ஆகிவிட்டது. ஆகவே கடிதம் அதற்கு முந்தியது. புரோகான்சல் பதவி பொதுவாக ஓராண்டுதான் என்பதால், கல்லியோன் அங்கே இருந்தது 51-52 வாக்கில் என்று கணித்தார்கள். பவுலின் பயணங்களுக்கு இன்று காலம் குறிப்பது பெரும்பாலும் இந்தப் புள்ளியிலிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கி.பி. 15 முதல் 44 வரை அகாயா பேரரசரின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. செனட்டின் பொறுப்பிலுள்ள மாகாணத்தை ஆள்பவரே புரோகான்சல் என்பதால், அப்போது அங்கே அந்தப் பதவி கிடையாது. 44-ல்தான் அது மீண்டும் செனட்டிடம் போனது. கல்லியோனின் பதவியை நடபடிகளின் ஆசிரியர் சரியாகச் சொல்லியிருப்பது, அவருக்கு நல்ல தகவல் கிடைத்திருந்தது என்பதற்கு அடையாளம்.

அதே கையால் எழுதப்பட்டதாகக் கருதப்படும் லூக்கா சுவிசேஷத்தில் கணக்கு இடறுகிறது. இயேசு பிறந்தபோது சீரியாவின் அதிபதி சிரேனியு குடிமதிப்பு எடுத்ததாக அது சொல்கிறது. யோசேபஸின்படி அந்தக் குடிமதிப்பு கி.பி. 6-ல் நடந்தது. இயேசு பிறந்தது ஏரோது ராஜாவின் நாட்களில் என்கிறார் மத்தேயு. அந்த ஏரோது இறந்தது கி.மு. 4-ல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. நடுவே ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளி. அதை நிரப்பப் பல விளக்கங்கள் வந்திருக்கின்றன. எதுவும் பொதுவாக ஏற்கப்படவில்லை.

பழைய ஏற்பாட்டில் யோசுவாவின் காலத்தில் எரிகோவின் மதில் விழுந்த கதைக்கும் இதே நிலைதான். 1950-களில் அங்கே அகழ்ந்த காத்லீன் கென்யன், நகரம் அழிந்தது கி.மு. 1550 வாக்கில் என்று முடிவு கட்டினார். யோசுவாவுக்குப் பலரும் தரும் 13-ஆம் நூற்றாண்டில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை.

இதுவரை பார்த்த சான்றுகள் அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்தவை, அல்லது பொதுவெளியில் சரிபார்க்க முடிந்தவை. சந்தையில் வாங்கும் பொருளின் கதை வேறு. வாஷிங்டனிலுள்ள பைபிள் அருங்காட்சியகம் பழங்கால யூத வேதநூல் பிரதிகளான சாக்கடல் சுருள்களின் துண்டுகள் என்று 16 துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தது. அத்தனையும் போலி என்று 2020-ல் ஆய்வு சொன்னது. தோல் பழையதுதான். ஆனால் மை அதன் விரிசல்களுக்குள்ளும் வழிந்திருந்தது. அதாவது, தோல் பழசாகி வெடித்த பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

ஆக, தொல்லியல் வேதநூலை மொத்தமாக மெய்ப்பிக்கவும் இல்லை, மொத்தமாகப் பொய்யாக்கவும் இல்லை. ஆளுநர், பதவி, ஊர், மதில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அது சோதிக்கும். பிலாத்து இருந்தார் என்று கல் சொல்லும். மூன்றாம் நாள் கல்லறையில் என்ன நடந்தது என்று எந்தக் கல்லும் சொல்லாது. அது விசுவாசத்தின் எல்லை. 'பைபிள் நிரூபணமானது' என்றோ 'பைபிள் தகர்ந்தது' என்றோ அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பொருள் எங்கே கிடைத்தது? அதன் காலத்தை எப்படிக் கணித்தார்கள்? நூலின் எந்த வரியை அது தொடுகிறது? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.