மன்னார்க் கரையில் பென்சன்: கட்டுபவர் யார், பெறுபவர் யார்?

இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியத்துக்கென்று தனி நிதியம் கிடையாது. 1901இல் வந்த ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி, அதைத் திறைசேரியே மாதாமாதம் கொடுக்கிறது. மன்னார் கச்சேரியிலோ பாடசாலையிலோ சேவை முடித்தவரின் சம்பளத்தில் வெட்டப்பட்டது விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்குதான். தன் பென்சனுக்கென அவர் எதுவும் கட்டியதில்லை. திறைசேரிக்கு வருவதில் பெரும்பகுதி வரி, அதிலும் மறைமுக வரியே கூடுதல். பேசாலையில் சவர்க்காரம் வாங்கி, கைபேசிக்கு ரீலோட் போடும் கடற்றொழிலாளியும் 2024 முதல் 18 வீதம் பெறுமதி சேர் வரி செலுத்துகிறார். உத்தியோகத்தரின் பென்சனில் அவர் காசும் இருக்கிறது.

தனியார் துறைக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்டவேண்டும். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். ஆனால் அது மொத்தமாக வரும் தொகை. வீட்டுக்கோ, மகளின் கலியாணத்துக்கோ போய்விட்டால் மாதப் பணம் என்று எதுவும் மிஞ்சாது. நிதியின் பெரும்பகுதி அரசாங்க முறிகளில் கிடக்கிறது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அவற்றில் பெரும்பகுதி தவணை நீண்ட, வட்டி குறைந்த முறிகளாக மாற்றப்பட்டது. அந்தச் சுமை விழுந்தது தொழிலாளியின் சேமிப்பின் மேல்.

கடலில் சம்பளமே இல்லை. பைபர் படகு கொண்டுவந்த மீனின் விலையில் எண்ணெய்ச் செலவு கழியும்; படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு போகும்; மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். எந்தத் தொகையில் 8 வீதம் வெட்டுவது? இவர்களுக்கென்றே 1990இல் மீனவர் ஓய்வூதியச் சட்டம் வந்தது: தவணை கட்டினால் 60 வயதில் பென்சன். காலம்தான் வாய்க்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் கடற்றடைகளும் இடப்பெயர்வுகளும். ஆண்டுக்கணக்கில் கடலுக்கே போகமுடியாதவர் தவணை கட்டுவது எப்படி?

கட்டுக்கரைக் குளத்து நெற்செய்கையாளருக்கும் 1987 முதல் இதுபோன்ற திட்டம் உண்டு. உறுப்பினர் கட்டிய சிறு தவணை பென்சனுக்குப் போதாமல் நிதி வற்றியது. 2012இல் கொடுப்பனவு நின்று, 2014இல்தான் திரும்பத் தொடங்கியது.

வாடியில் நாட்கூலிக்குக் கருவாடு போடும் பெண்ணுக்குச் சட்டப்படி சேமலாப நிதி உரித்து உண்டு. தற்காலிக வேலையும் அச்சட்டத்துக்குள் அடங்கும். பெயர்ப் பதிவும் சம்பளப் பட்டியலும் இல்லாத இடத்தில் அதைக் கேட்டு வாங்குவது லேசான காரியமல்ல. இவர்களுக்கு எதுவும் கட்டாமலே கிடைப்பது, 70 வயது கடந்த வறியோருக்கான முதியோர் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டம் அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கியது.