சமாதி எங்கே?

துவாக்குடியில் தஞ்சாவூர் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் மாணவர்களைச் சனிக்கிழமைதோறும் காண்கிறோம். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள். நம்மிடம் பாடம் கேட்ட பையன் ஒருவனாவது அக்கூட்டத்தில் இருப்பான், அவன் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ராஜராஜ சோழனுடைய சமாதி எங்கே, ஸார்?"

'பொன்னியின் செல்வன்' 2022-இல் திரைக்கு வந்த பிறகு இந்த ஆவல் இன்னும் பெருகிவிட்டது. ஆனால் இதன் வித்து எகிப்தில் இருக்கிறது என்பது நம் எண்ணம். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த தூதன்காமன் கல்லறையை அறியாதார் யார்? அம்மன்னன் சிறு பிராயத்தில் பட்டமேறி, இருபது வயது நிரம்புமுன் மாண்டவன். சொல்லிக்கொள்ளத்தக்க வெற்றி எதுவும் அவனுக்கு இல்லை. ஆயினும் 1972-இல் லண்டன் கண்காட்சியில் அவனுடைய பொன் முகமூடியைக் காணப் பதினாறு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். சிறுவனுக்கே அத்தனை பெரிய புதையல் என்றால், நம் சக்கரவர்த்திக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில், ராஜராஜ தேவரின் பெயரோடு சேர்ந்த மாளிகை ஒன்றின் முன்மண்டபம் பழுதுபார்க்கப்பட்டதாக முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அதைப் பள்ளிப்படை என்று கொண்டார்கள் சிலர். 2019-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆய்வு செய்யப் பணித்தது. தொல்லியல் துறையினர் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டும் பார்த்தார்கள். இதுவே சமாதி என்று உறுதியாகக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

தேட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரே ஒரு காலத்தில் தொலைந்திருந்தது அல்லவா? 1010-இல் முடிந்த கோயிலைக் கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்ல, ஊரும் நம்பிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சுவரெழுத்துக்களைப் படித்து வெளியிட்ட பின்னரே சந்தேகம் தீர்ந்தது.

அச்சுவர்களில் என்னதான் இல்லை! அரசன் அளித்த கொடை, தமக்கை குந்தவை அளித்தது, தேவியர் அளித்தது எல்லாம் கணக்காக இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், அவர்கள் வந்த ஊர், குடியிருந்த தெரு, அத்தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை பொறித்திருக்கிறார்கள். தலைக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். பார்வோனின் கல்லறையில் பொன் உண்டு. இப்படி நானூறு குடும்பங்களின் முகவரி உண்டா?

இதை ஒரு நாள் பையனிடம் சொல்லி அனுப்பினோம். திங்கட்கிழமை கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். மெய்யெழுத்துக்களின்மேல் புள்ளியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். இரவெல்லாம் விழித்து 'வீடு' என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டானாம்.

"அந்தத் தெருவெல்லாம் இப்போது எங்கே, ஸார்?" என்றான்.