கொள்கலனும் கணினிமொழிப் பயிற்சியும்

விதையின் இயல்பை அறியப் புகும் தாவரநூலார், முதற்கண் மண்ணையும் நீரையும் ஒரே தன்மையவாக அமைத்துக்கொள்வர். மண் வேறுபடின் விளைவும் வேறுபடும். அவ்வேறுபாடு விதையினால் வந்ததோ மண்ணினால் வந்ததோ எனத் துணிதல் அரிதாகும். கணினியிற் செய்நிரல் எழுதுவார்க்கும் இவ்வுண்மை பொருந்தும். செய்நிரலை விதை எனின், அஃது இயங்குஞ் சூழலே மண். அம்மண்ணை யாவர்க்கும் ஒன்றாக ஆக்கித் தருவதே கொள்கலன் முறை. அதன் இயல்பும் அமைக்குமாறும் பைதன் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப்படும்.

கைடோ வான் ரொஸ்ஸம் என்பார் ஆக்கிய பைதன் மொழி 1991 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2008 இல் தோன்றியது. இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியோடு முடிவுற்றது. ஏழை இரண்டால் வகுக்குமாறு பணித்தால், இரண்டாம் பதிப்பு 3 என்றும், மூன்றாம் பதிப்பு 3.5 என்றும் விடை தரும். எழுதிய வரி ஒன்றே, விடையோ இரண்டு. மொழிப் பதிப்பு ஒன்றாயினும், துணைநூலகங்களின் பதிப்பும் பணிசெயல் முறைமையும் வேறுபடுதல் உண்டு. அதனால் ஆசிரியரின் கணினியிற் செவ்வனே இயங்கிய செய்நிரல் மாணவன் கணினியிற் பிழை காட்டும். தொடக்கநிலை மாணவன் அப்பிழை சூழலின் குற்றம் என்பதை அறியான். தன் அறிவே குறைவுடையதென மயங்கிக் கல்வியைக் கைவிடவுங் கூடும். ஆதலின் இஃது இயந்திரத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. கற்பித்தலைப் பற்றிய வினாவுமாம்.

கொள்கலன் என்னும் பெயர் கப்பல் வாணிபத்திலிருந்து வந்தது. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆந் திகதி, மல்கம் மக்லீன் என்பாரின் ஐடியல் எக்ஸ் என்னுங் கப்பல் 58 உலோகப் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியுவாக் துறைமுகத்தினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டியின் உள்ளே இருப்பது யாதாயினும் புறவடிவம் ஒன்றாகலின், ஏற்றுதலும் இறக்குதலும் எளிதாயின. கணினியுலகில் இக்கருத்து படிப்படியாக வளர்ந்தது. 1979 இல் யுனிக்ஸ் முறைமையின் ஏழாம் பதிப்பு, ஒரு செயலுக்குக் கோப்புத் தொகுதியின் ஒரு பகுதியை மட்டுங் காட்டும் வழியைத் தந்தது. 2008 இல், ஒரு செயற்குழு பயன்படுத்தும் நினைவகத்தையும் பிற வளங்களையும் வரையறுக்கும் வசதி லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. இவற்றை எளிதிற் கையாளுதற்குரிய டொக்கர் என்னுங் கருவி 2013 இல் வெளியாயிற்று.

மெய்நிகர் இயந்திரமும் கொள்கலனும் ஒன்றல்ல. முன்னையது தனக்கென ஒரு முழுப் பணிசெயல் முறைமையைத் தாங்குவது, ஆதலின் பாரமானது. பின்னையது கருவைப் பிறவற்றோடு பகிர்ந்துகொண்டு, கோப்புகளையுஞ் செயல்களையும் மாத்திரம் வேறுபிரித்து வைப்பது, ஆதலின் இலேசானது. விண்டோஸ் கணினியில் லினக்ஸ் கொள்கலனை இயக்குங்கால், அதற்கு வேண்டிய லினக்ஸ் கருவை ஒரு மெய்நிகர் இயந்திரம் உள்ளிருந்து வழங்கும்.

இனி, படிமம், கொள்கலன் என்னும் இரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். படிமம் அச்சுப் போன்றது, மாறாதது. கொள்கலன் அவ்வச்சில் வார்த்த உரு. இயங்குவது, வேண்டாதபோது நீக்கப்படுவது. படிமத்தை ஆக்கும் விதிகளை எழுதிய சிறு கோப்பு டொக்கர்பைல் எனப்படும். அதில் எழுதத்தக்கன ஐந்து. முதலாவது, அடிப்படைப் படிமம் இன்னதென்பது, பைதன் 3.12 என்றாற்போலப் பதிப்பெண்ணையும் குறித்தல் இன்றியமையாதது. ‘அண்மையது’ என மட்டும் எழுதினால், இன்று பெற்ற படிமமும் அடுத்த ஆண்டு பெறுவதும் வேறாகிவிடும். இரண்டாவது, வேலைசெய்யுங் கோப்புறை. மூன்றாவது, துணைநூலகங்களின் பெயரும் பதிப்பும் அடங்கிய பட்டியலைப் படியெடுத்து, பிப் என்னுங் கருவியால் அவற்றை நிறுவுதல். நான்காவது, செய்நிரற் கோப்புகளைப் படியெடுத்தல். ஐந்தாவது, தொடக்கத்தில் இயங்கவேண்டிய கட்டளை.

மூன்றாவதும் நான்காவதும் இம்முறையே நிற்றற்குக் காரணம் உண்டு. படிமம் அடுக்கடுக்காக ஆக்கப்படுவது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ளன யாவும் மீள ஆக்கப்படும். செய்நிரல் நாடோறும் மாறுவது. பட்டியலோ அரிதின் மாறுவது. பட்டியலை முன்வைத்தால், ஒரு சொல்லைத் திருத்தியதற்காக நூலகங்கள் அனைத்தையும் மீள நிறுவும் வீண்காலம் ஒழியும்.

‘டொக்கர் பில்ட்’ என்னுங் கட்டளை படிமத்தை ஆக்கும். ‘டொக்கர் ரன்’ என்பது அதனின்று கொள்கலனை இயக்கும். கொள்கலனுள் மட்டும் எழுதப்பட்டவை அதனை நீக்குங்கால் உடனழியும். ஆகவே மாணவன் தன் கணினியிலுள்ள கோப்புறையைக் கொள்கலனோடு இணைத்து இயக்குதல் வேண்டும். அப்பொழுது எழுதுவது தன் கோப்புறையில் நிலைத்திருக்கும். இயங்குவது கொள்கலனுள் நிகழும். இணையத் தொடர்பு மந்தமான பாடசாலைகளில், ஆக்கிய படிமத்தை ‘டொக்கர் சேவ்’ என்னுங் கட்டளையால் ஒரே கோப்பாக்கி, ஏனைய கணினிகளிற் கொண்டுசென்று ‘டொக்கர் லோட்’ என்பதால் ஏற்றலாம்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. கரு பொதுவாகலின், இதன் காப்பு மெய்நிகர் இயந்திரத்தின் காப்பளவு வலியதன்று; நம்பத்தகாத படிமங்களை இயக்குதல் தகாது. ஒருவகைச் செயலிக்கென ஆக்கிய படிமம் மற்றொரு வகைச் செயலியில் நேரே இயங்காது. செய்நிரலிலுள்ள தருக்கப் பிழையைக் கொள்கலன் திருத்துவதுமில்லை. ஆயினும் சூழலால் வரும் ஐயம் பெரிதும் நீங்குதலின், எஞ்சிய பிழை பெரும்பாலும் மாணவனது சிந்தனையினின்றே எழுந்ததாகும். அத்தகைய பிழையையே ஆசிரியர் திருத்தல் கூடும்; அதனைத் திருத்துதலே கற்பித்தலுமாம்.