முதுகு வலிக்கு காரணம் வயிற்றுப் புண்ணா? பிசியோதெரபிக்கு போகும் முன் கவனிங்க!

மூட்டை தூக்குறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, கட்டிட வேலை பார்க்குறவங்க அடிக்கடி சொல்லும் வார்த்தை, "முதுகு பிடிச்சிக்கிச்சி". உடனே மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால் பிசியோதெரபி. ஆனால் எல்லா முதுகு வலியும் முதுகில் இருந்து வருவதில்லை. சில நேரம் கோளாறு வயிற்றில் இருக்கும். வலி மட்டும் முதுகில் தெரியும்.

சாப்பாடு போகும் பாதை

வாயில் மென்ற சாப்பாடு, சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு இறங்குகிறது. அங்கே கடுமையான அமிலம் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்து விடாமல் இருக்க, உள்சுவரில் வழவழப்பான பூச்சு ஒன்று இருக்கிறது. பிறகு கூழான உணவு சிறுகுடலுக்கு போகிறது. பித்தப்பையில் இருந்து பித்தநீரும், கணையத்தில் இருந்து கணைய நீரும் அங்கே வந்து சேர்கின்றன.

நெஞ்செரிச்சல் ஏன்?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் கதவு போல ஒரு தசை இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். நெஞ்சு எரியும், வாயில் புளிப்பு தண்ணி வரும். வயிறு முட்ட சாப்பிட்டு உடனே படுத்தாலோ, குனிந்து பாரம் தூக்கினாலோ இது அதிகமாகும்.

பிசியோதெரபியில் பல பயிற்சிகளை படுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அதனால் சாப்பிட்ட 2, 3 மணி நேரம் கழித்து போவது நல்லது. எரிச்சல் இருந்தால் சொல்லிடுங்க. தலைப்பக்கத்தை உயர்த்தியோ, உட்கார வைத்தோ பயிற்சி கொடுப்பார்கள்.

புண்ணுக்கு காரணம் காரமா?

காரம் சாப்பிட்டால் அல்சர் வரும் என்பது பலரது நம்பிக்கை. காரம் எரிச்சலை கூட்டலாம். ஆனால் புண்ணுக்கு முக்கிய காரணம் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-ல் இந்த கிருமி கலந்த திரவத்தை தானே குடித்து பார்த்தார். சில நாட்களில் அவரது இரைப்பையில் அழற்சி ஏற்பட்டது. இந்த கண்டுபிடிப்புக்காக அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த கிருமியை மாத்திரையிலேயே ஒழித்து விடலாம்.

இரண்டாவது காரணம், வலி மாத்திரை! டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை வலியை குறைக்கும்போதே, இரைப்பையின் பாதுகாப்பு பூச்சையும் குறைத்து விடும். வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டோ, எப்படி போட்டாலும் இந்த ஆபத்து உண்டு. டாக்டரிடம் கேட்காமல் நாள்கணக்கில் போடக்கூடாது.

முதுகில் வலிப்பது ஏன்?

வயிற்று உறுப்புகளின் நரம்புகளும், முதுகு, தோள் பகுதி நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளை குழம்பி விடும். அதனால் சிறுகுடல் புண்ணின் வலி நடுமுதுகிலும், பித்தப்பை கல்லின் வலி வலது தோள்பட்டையிலும் தெரியலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

குனிந்தால், திரும்பினால், அழுத்தினால் வலி மாறினால் பெரும்பாலும் தசை அல்லது மூட்டு வலி. எப்படி உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி வலித்து, சாப்பாட்டுக்கு தகுந்தபடி கூடிக் குறைந்தால் வயிற்றை சந்தேகப்பட வேண்டும். சாப்பிட்டதும் அடங்கி, பசிக்கும்போதும் நடுராத்திரியிலும் வந்தால் சிறுகுடல் புண்ணாக இருக்கலாம். எண்ணெய் பலகாரம் சாப்பிட்ட பிறகு வந்தால் பித்தப்பையாக இருக்கலாம். இது அடையாளம்தான், முடிவு டாக்டர் கையில்.

தாமதம் வேண்டாம்

தார் போல கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, திடீரென கடும் வலியோடு வயிறு பலகை போல இறுகுவது ஆகியவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். விழுங்க முடியாமை, காரணம் இல்லாமல் எடை குறைதல் இருந்தாலும் டாக்டரை பார்க்க தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது கை வலி வந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்து நேரத்தை வீணாக்காதீங்க. மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ கூப்பிடுங்க.

பிசியோதெரபிக்கு போகும்போது, போடுற மாத்திரை அட்டையை கையோடு எடுத்துட்டு போங்க. எத்தனை நாளா போடுறீங்க, வயிறு எரியுதா, மலம் கருப்பா போகுதா என்பதை கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க. முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது, வயிற்றில் புண் பெருசாகிடக் கூடாது.